அங்கே அவ்வளவு, இங்கே ஒரு பிடி

நேயர்களுக்கு வணக்கம். தரையில் கொட்டிவிட்ட அரிசியைக் குனிந்து பொறுக்கியிருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும் இல்லையா? அதையே நாள் முழுக்கச் செய்த மூன்று பெண்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிரான்சில் 1857-ல் ழான் பிரான்சுவா மில்லே வரைந்த ஓவியம் அது, ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. அறுவடை முடிந்த கோதுமை வயல். சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு அங்கே வழிவழியாக உரிமை இருந்தது, அதுவும் பகல் வெளிச்சம் இருக்கும்வரைதான். நீலத் தலைத்துணிக்காரியும் சிவப்புத் தலைத்துணிக்காரியும் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவள் பாதி குனிந்து நிற்கிறாள். நிமிர்கிறாளா, மறுபடி குனியப் போகிறாளா? படம் சொல்லாது. நான் அதிகம் பார்த்தது அவளைத்தான்.

இந்தப் படத்தின் சின்ன அச்சுப்பிரதி ஒன்று என்னிடம் பல வருடங்கள் இருந்தது. தினமும் பார்ப்பேன், அந்த மூன்று முதுகுகளை மட்டும். பிறகு ஒருநாள் ஒரு நூலகத்தில் பெரிதாக அச்சிட்ட படம் கிடைத்தது. தூரத்தில் போர் போராகக் கதிர், பாரம் ஏற்றிய வண்டி, நிறைய வேலையாட்கள். அப்புறம் வலது ஓரத்தில், குதிரை மேல் விரல்நுனி அளவுக்கு ஒரு மனிதர். மேற்பார்வையாளர்! இத்தனை வருடம் அவர் என் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து அது எனக்கு வேறு வயல். விளைச்சல் குறைந்ததால் இவர்கள் பொறுக்கவில்லை. அங்கே அவ்வளவு குவிந்திருக்கிறது, இங்கே கையில் ஒரு பிடி. மறுபடியும் சொல்கிறேன், அங்கே அவ்வளவு, இங்கே ஒரு பிடி.

மில்லே நார்மண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1814-ல் பிறந்தவர், சிறுவயதில் வயலில் உழைத்தவர். 1849-ல் ஃபோன்தென்புளோ காட்டோரம் இருந்த பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே நண்பர்கள் மரத்தையும் வானத்தையும் வரைந்தபோது, இவர் நிலத்தில் உழைப்பவர்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பாரிஸ் கண்காட்சியில் வசதியானவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. மக்கள் திரண்டு மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி நடந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. ஏழைகளை இவ்வளவு பெரிதாகப் பார்க்க அவர்களுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் 3,000 பிராங்குக்குப் படம் விலைபோனது.

சரி, நேரமாகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். மில்லேயின் இன்னொரு ஓவியமான ‘மாலை மணி’யைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வந்தேன். உருளைக்கிழங்கு தோண்டிய ஓர் ஆணும் பெண்ணும் தேவாலய மணி கேட்டு வேலையை நிறுத்தித் தலைகுனிந்து நிற்கிறார்கள். மணி அடித்ததும் வயலில் வேலையை நிறுத்தி, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வாராம் மில்லேயின் பாட்டி. அந்த நினைவில் வரைந்தது. இரண்டு ஓவியங்களும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். வணக்கம்.