ஆலிஸ் வாங் நினைவாக ஒரு சாத்துக்குடி ஜூஸ்

எல்லோருக்கும் வணக்கம். குரல் தெளிவாகக் கேட்கிறதா? மைக்கைத் தம்பி சட்டைக் காலரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். இந்த வாரம் மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடிகளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். முதலில் நேற்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

நேற்று மாலை கோவை காந்திபுரத்தில் ஒரு ஜூஸ் கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். சாத்துக்குடி ஜூஸ் 70 ரூபாய். என் கை மார்பு உயரத்துக்கு மேல் எழாது, கழுத்தையும் பின்னால் சாய்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்ட்ரா இருந்தால்தான் எனக்கு ஜூஸ். அவர்கள் கொடுத்தது காகித ஸ்ட்ரா. ஒரு தம்ளர் குடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும், வேகமாகக் குடித்தால் புரையேறும். காகிதம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. நுனி கூழாகி உதட்டில் ஒட்டிக்கொண்டது. மழையில் நனைந்த நோட்டுப் புத்தகத்தின் வாசனை. இன்னொன்று கேட்டேன், கொடுத்தார்கள். மூன்றாவது கேட்டபோது கல்லாவில் இருந்தவர், "தூக்கிக் குடிக்க வேண்டியதுதானேம்மா, அப்படி என்ன உடம்புக்கு?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாதி ஜூஸை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீணாய்ப்போன 35 ரூபாய்க்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குத்தான் பெரிய கோபம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆலிஸ் வாங் ஞாபகம்தான். பழைய வீடியோக்களில் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக எழுதியவர், போராடியவர். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர்கள். பிறவியிலேயே முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு. குழந்தைகளுக்கு 16 கோடி ரூபாயில் ஒரு ஊசி என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்களே, அதே நோய். ஏழெட்டு வயதில் நடை நின்றுபோனது. பிறகு சக்கர நாற்காலி, அதன் பிறகு மூச்சுக்கு ஒரு இயந்திரம். பெரியவரானதும் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். 2025 நவம்பர் 14 அன்று தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 51. அந்தச் செய்தி வந்த அன்று நான் வீடியோ போடவில்லை. பேச உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஸ்ட்ராவுக்கு வருகிறேன். 2018 ஜூலையில் சியாட்டில் நகரம் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தடை செய்தது. சான் பிரான்சிஸ்கோவும் அதே வழியில் இறங்கியது. மூக்கில் ஸ்ட்ரா சிக்கிய கடல் ஆமையின் வீடியோவைப் பார்த்து உலகமே கலங்கியிருந்த நேரம் அது. நானும்தான் அழுதேன். அந்த மாதமே ஆலிஸ் வாங் ஈட்டர் என்ற உணவு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கோப்பையைத் தூக்க முடியாத எனக்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரா அத்தியாவசியமான கருவி என்பதுதான் அதன் சாரம். மக்கும் ஸ்ட்ரா சூட்டில் கரைந்துவிடும், ஆகவே அதையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கடையில் வையுங்கள், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றார். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு கடைக்கு வரும்போது நாங்கள் மட்டும் ஏன் கருவியைச் சுமந்துகொண்டு வர வேண்டும், ஏன் நோயை விளக்க வேண்டும் என்றும் கேட்டார்.

அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. சொந்த ஸ்ட்ராவைக் கொண்டுவர வேண்டியதுதானே என்றார்கள். நம் ஊரிலும் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையை நான் எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டில் எட்டு வருடமாக மஞ்சப்பைதான். என்னைப் போன்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

நில்லுங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். வளையும் ஸ்ட்ரா பிறந்ததே சான் பிரான்சிஸ்கோவில்தான்! 1930-களில் ஜோசப் ப்ரீட்மன் என்பவர் தன் தம்பியின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சின்ன மகள் உயரமான மேசைக்கு எட்ட முடியாமல் மில்க்‌ஷேக்கோடு தவிக்கிறாள். அவர் ஒரு காகித ஸ்ட்ராவை எடுத்து, உள்ளே ஒரு திருகாணியை விட்டு, மரைகள் பதியும்படி மேலே பல் இடுக்கு நூலைச் சுற்றி இறுக்கினார். திருகாணியை உருவினால் ஸ்ட்ராவின் கழுத்தில் மடிப்பு! 1937-இல் காப்புரிமை கிடைத்தது. அதை முதலில் வாங்கியவை, 1947-இல், மருத்துவமனைகள். படுத்தபடியே குடிக்க வேண்டிய நோயாளிகளுக்காக. எங்கள் கையில்தான் அது முதலில் இருந்தது. இது தெரிந்திருந்தால் அந்தக் கல்லாக்காரரிடமே சொல்லியிருப்பேன், வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

இன்று காலை தம்பியும் நானும் டவுன்ஹாலில் சிலிகான் ஸ்ட்ரா தேடினோம். முதல் கடையில் நான்கு ஸ்ட்ரா 320 ரூபாய். இரண்டாவது கடையில் 290, ஆனால் கழுவும் பிரஷ் கிடையாது. பிரஷ் இல்லாமல் உள்ளே பால் படிந்து நாறும். மூன்றாவது கடையில் 280. தம்பி பேசிப் பேசி 240-க்குக் கொண்டுவந்தான், பிரஷையும் சும்மா வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து போட்டால் துளை பெரிது. ஒரே இழுப்பில் வாய் நிறைந்து இருமல் வந்துவிட்டது. 240 ரூபாய்!

அப்புறம் அம்மாதான் சொன்னார், குழந்தைகளின் சிப்பர் பாட்டிலுக்குத் தனியாகக் குழாய் விற்பார்களே என்று. தெருமுனை மருந்துக் கடையில் ஒன்று 45 ரூபாய். இதோ பாருங்கள். மெல்லியது, வளைகிறது, சூடு தாங்குகிறது, கடித்தாலும் நசுங்கவில்லை. அடி நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டேன். நேராக விட்டால் தம்ளரின் அடியில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. சாய்வாக வெட்டினால் கடைசிச் சொட்டுவரை வருகிறது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆலிஸ் வாங்கை ஸ்ட்ராவோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை. 2014-இல் அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகள் தங்கள் கதையைத் தங்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும், மருத்துவரோ பத்திரிகையாளரோ சொல்லக் கூடாது என்பதற்காக. அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் நான் இந்தச் சேனலையே ஆரம்பித்தேன். 2015 ஜூலையில் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 25-ஆம் ஆண்டு விழா. விமானப் பயணம் அவர் உடம்புக்கு ஆகாது. ஒரு ரோபோவின் திரையில் முகம் தெரிய, சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபடியே அதை ஓட்டிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குள் போய் ஒபாமாவிடம் பேசினார். அந்தப் புகைப்படத்தைப் பாருங்கள், சிரிப்பு அப்படி ஒரு சிரிப்பு.

2022 கோடையில் உடல்நிலை மோசமாகி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பேச்சு போனது, விழுங்கவும் முடியவில்லை. காபியை அவ்வளவு நேசித்தவர், ஒரு ஸ்ட்ராவுக்காக உலகத்தோடு சண்டை போட்டவர், அதன் பிறகு வயிற்றுக் குழாய் வழியாகத்தான் உணவு எடுத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்வார், செயலி பேசும். பராமரிப்பு விடுதிக்குப் போகாமல் தன் வீட்டிலேயே இருப்பதற்காக, இராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பொதுவில் பணம் திரட்டினார். அதையும் மறைக்காமல் எழுதினார். எழுதுவதை நிறுத்தவே இல்லை. 2024-இல், அமெரிக்காவில் திறமையாளர்களுக்குத் தரும் பெரிய பரிசான மெக்கார்தர் நிதிநல்கை கிடைத்தது. எட்டு லட்சம் டாலர். அன்று எங்கள் வீட்டில் கேசரி.

நேற்று அந்தக் கடையில் என் இடத்தில் ஆலிஸ் வாங் இருந்திருந்தால் பாதி ஜூஸோடு எழுந்து வந்திருக்க மாட்டார். நாளை மறுபடியும் அதே கடைக்குப் போகிறேன். இந்தக் குழாயோடுதான் போகிறேன், ஆனால் அவர்களிடமும் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். 45 ரூபாய்தானே. என்ன சொன்னார்கள் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.

ஐயோ, பூனைகளைச் சொல்லவில்லையே. அவருக்கு இரண்டு பூனைகள், பெர்ட், எர்னி. நம் கருப்பிக்கு அவர்கள் படத்தைக்கூடக் காட்டியிருக்கிறேன். கருப்பி! அதை விடு. தம்பி, சீக்கிரம் வா, குழாயைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறாள்.