ஆறு மாதம் நமக்கு, ஆறு மாதம் அவர்களுக்கு

(பாம்பனில் மாணவர் பேச்சுப் போட்டி முடிந்த மாலையில் பேசியது. எழுதும்போது அங்கங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பரிசு கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கூடுதலாகவே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மதியம் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெற்றோர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சார், வெளியுறவுக் கொள்கைன்னு தலைப்பக் குடுத்துட்டு பிள்ளைங்கள கோமாளித்தனம் பண்ண விட்டுருக்கீங்க" என்று மனசு நொந்து கேட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட வீடு அது. அவருக்குப் பதில் சொல்லாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

நடந்தது இதுதான். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். இந்த உலகத்தில் நடக்கவே நடக்காத ஒரு வெளியுறவுத் திட்டத்தை ஒருவர் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் அதை வெட்டிப் பேச வேண்டும். எவ்வளவு கிறுக்காக இருந்தாலும் சரி, ஆனால் யார் செய்வார்கள், காசு யார் கொடுப்பார்கள், எதிர் நாடு முடியாது என்றால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். வெட்டிப் பேசுகிறவர் அக்கரை ஆளாக நின்றுதான் பேச வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் சேர்க்கவில்லை, அவர்களே வைத்துக்கொண்டது.

முதல் திட்டம், ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, இரட்டைக் குடியுரிமை. கொண்டுவந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். கடல்புல் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆவுளியா இரண்டு பக்கமும் மேய்கிறது, அப்படியானால் அதற்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டது. எதிரே நின்ற பையன், "கைரேகை வைக்க அதுக்கு விரல் எங்கே?" என்றான். அறையே சிரித்தது. சரி, சிரிப்போடு முடிந்ததா? மறு வாரம் அந்தப் பெண் 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்களே, அதே ஒப்பந்தம். அதன் 5ஆம் பிரிவில் நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் கச்சத்தீவுக்கு முன்போலவே போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. "மனுஷனுக்கே விசா வேண்டாம்னு எழுதியிருக்கு, ஆவுளியாவுக்கு எதுக்கு?" என்று கேட்டது. பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர் அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வந்தது கச்சத்தீவுத் திட்டம். 285 ஏக்கர் தீவை வருஷத்தில் ஆறு மாதம் நாம் வைத்துக்கொள்வது, ஆறு மாதம் அவர்கள் வைத்துக்கொள்வது. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை வரைபடத்தில் ஓர் ஆற்றைக் காட்டியது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஓடும் பிடசோவா ஆறு, அதில் ஃபெசன்ட் தீவு என்று ஒரு சின்னத் திட்டு. 1659இல் அந்த இரண்டு நாடுகளும் சமாதானம் செய்துகொண்ட இடம். பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுக்கு, ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்சுக்கு என்று இன்றைக்கும் அது கை மாறிக்கொண்டே இருக்கிறது.

வெட்டிப் பேசிய பிள்ளை விடவில்லை. அந்தத் திட்டில் குடியிருப்பு கிடையாது, கச்சத்தீவில் அந்தோணியார் கோயில் திருவிழா இருக்கிறது, சுற்றிலும் மீன் இருக்கிறது. "ஜூலை 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வலை கடலுக்குள்ள கிடக்கு. வலையைப் போட்டவன் எந்த நாட்டுத் தண்ணியில நிக்கிறான்?" அந்தக் கேள்வியில்தான் பிள்ளைகள் முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். தீவு யாருக்கு என்பது ஒரு வழக்கு, கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மீன் பிடிக்கலாமா என்பது இன்னொரு வழக்கு. 1974இல் கோடு விழுந்தது, இரண்டு பக்கத்துப் படகுகளும் காலங்காலமாக அனுபவித்த உரிமை தொடரும் என்று 6ஆம் பிரிவும் சொன்னது. 1976இல் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டே ஐம்பது வருஷமாக டீக்கடையில் சண்டை போடுகிறோம்.

ஒரு பையன் எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தான், இதுதான் இருப்பதிலேயே கிறுக்குத்தனம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போட் மெயில் ஓடிய ஊர் இது! 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கேயிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போகும்வரை ஐம்பது வருஷம் நடந்த காரியத்தை நம் பிள்ளைகள் வேடிக்கைக் கற்பனை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லித் தரவில்லை, அது நம் தவறு.

இப்போது அந்தப் பெற்றோருக்கு வருகிறேன். ஐயா, "கச்சத்தீவை மீட்க வேண்டுமா" என்று நேரடியாகத் தலைப்புக் கொடுத்துப் பல வருஷம் போட்டி நடத்திப் பார்த்தவன் நான். பிள்ளை வீட்டில் கேட்டதை மேடையில் சொல்லும், எதிரே நிற்கிற பிள்ளையும் அதையேதான் சொல்லும், நாம் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டுவோம். கிறுக்குத் திட்டத்துக்கு அந்த ஆபத்து இல்லை, அது எந்த வீட்டு நிலைப்பாடும் கிடையாது, அதனால் பயமில்லாமல் இரண்டு பக்கமும் நின்று பார்க்க முடிகிறது.

போன மாதம் விசைப்படகு வீட்டுப் பையன் ஒருவனுக்குச் சீட்டு குலுக்கியதில் யாழ்ப்பாணத்து மீனவர் பாத்திரம் விழுந்தது. கொஞ்ச நேரம் பேசாமலே நின்றான். அப்புறம், "சண்டை நடந்த காலம் பூரா எங்களைக் கடலுக்கே விடல. இப்பத்தான் கடன் வாங்கி வலை வாங்கினேன். உங்க இரட்டைமடி வலை அதை அறுத்துட்டுப் போயிருச்சு, நான் யார்ட்ட போய்க் கேக்க? நானும் தமிழ்லதான கேக்குறேன்?" என்றான். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடியையே இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது ஏன் என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்தான். அவன் சொன்ன மாதிரி அது யார் மனசிலும் இறங்கியதில்லை. ஒட்டிப் பேச வேண்டிய பிள்ளை தன் குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இதுக்குப் பதில் எங்கிட்ட இல்ல, அடுத்த வாரம் கொண்டு வர்றேன்" என்றது.

அந்தப் பதில் வருகிற சனிக்கிழமை வருகிறது ஐயா. நடுவர் நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரி, பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகள் மேடைக்கு வாருங்கள்.