பதினெட்டாவது வளைவில் வந்த லேப் ரிப்போர்ட்

(திரையில்: அஸ்தம்பட்டி, காலை பத்து மணி. டீக்கடை ஓரம் கறுப்புக் கோட்டுகள், கையில் நூல் கட்டிய கேஸ் கட்டுகள்.)

வணக்கம். சேலத்தில் கோர்ட் வாசலை ஒரு தடவை மிதித்தவருக்குக்கூட வாய்தா என்றால் என்னவென்று தெரியும். "விஸ்ரா ரிப்போர்ட் இன்னும் வரலைங்க" என்பார் வக்கீல் (இறந்தவரின் உள்ளுறுப்புகளை லேபில் சோதித்த அறிக்கை அது), தேதி தள்ளிப்போகும், ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் பழைய சாட்சியையே மறுபடி கூண்டில் ஏற்றலாம், நீதிபதிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடப்பவன் பாடு வேறு, அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.

இதே தாமதம் ஜூரி முன்னால், அதாவது குற்றவாளியா இல்லையா என்று பொதுமக்களே முடிவு சொல்லும் குழு முன்னால் நடந்தால்? நம்மிடமும் ஜூரி இருந்தது. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் 1959 வழக்கில் 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றார்களே, அவர்கள்தான். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்ததோடு அது போயிற்று. இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது: சட்டம் படித்திருக்கத் தேவையில்லாத சாதாரண மக்கள் 12 பேர், தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

(திரையில்: ஏற்காடு மலைப்பாதை, மேலே ஏறும் பஸ்.)

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பதினெட்டாவதில் ஒருவர் போன் பண்ணி "பிரேக் செக் ரிப்போர்ட் இப்பதான் வந்துச்சு" என்றால் டிரைவர் என்ன செய்வார்? பாதி விசாரணையில் நிபுணர் அறிக்கை வருவதும் இந்த மாதிரிதான். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை ஒரு கணக்குப் போட்டு ஏற்கெனவே முடித்திருப்பார், இனிமேல் தன் பக்கம் ஒரு நிபுணரைத் தேடிப் பிடித்து, அவர் படித்துப் பார்த்து, பதில் எழுத வேண்டும். நீதிபதி சில நாள் ஒத்திவைக்கலாம், அறிக்கையே வேண்டாம் என்று தள்ளலாம், இல்லையென்றால் ஜூரியைக் கலைத்துவிட்டு அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறலாம். எல்லாமே நஷ்டம்தான். அதனால்தான் இங்கிலாந்தில் விதி கறாராக இருக்கிறது: அறிக்கையை முடிந்தவரை சீக்கிரம் எதிர்த்தரப்புக்குக் கொடு, கொடுக்கவில்லையென்றால் அவர்கள் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அதை உள்ளே கொண்டுவராதே.

சரி, தாள் வரவே இல்லையென்றால்?

சாலி கிளார்க், அங்கே ஒரு வக்கீல். 1996-இல் மூத்த கைக்குழந்தை இறந்தது, 1998-இல் இரண்டாவது, ஹாரி. தாயே கொன்றாள் என்று 1999-இல் ஜூரி 10-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது, ஆயுள் தண்டனை. அந்த வழக்கு என்றாலே ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இப்படித் திடீரென்று தானாக இறக்க வாய்ப்பு "7.3 கோடியில் ஒன்று" என்று ஒரு டாக்டர் சொன்ன தப்புக் கணக்கைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடக் கோபம் வருவது வேறொரு தாள் மேல். ஹாரியின் உடலில் எடுத்த மாதிரிகளில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி இருந்தது, மூளைத் தண்டுவட நீரில்கூட. அதாவது, குழந்தை நோய்த்தொற்றில் இறந்திருக்கலாம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஆலன் வில்லியம்ஸுக்கு இது விசாரணைக்கு முன்பே தெரியும். சாலியின் வக்கீல்களுக்குப் போகவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்குள் கிடந்துதான் அது வெளியே வந்தது. 2003-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்து. அதற்குள் அவர் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். 2007-இல் இறந்துபோனார்.

(திரையில்: ஒரே ஒரு தாள். ஒலி இல்லை.)