மேசையைச் சுற்றிப் பிறந்த இசை

அவையோருக்கு வணக்கம். மாட்ரிகல் என்பது பல குரல்கள் தத்தம் பகுதியைப் பாடிச் சேரும் பாட்டு; மேடைக்காகப் பிறந்த இசை அல்ல. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, பாடுகிறவர்களே கேட்டு மகிழ எழுதப்பட்டது. நான்கைந்து குரல்கள் இருந்தால் போதும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு ஏடு. அதில் அவரவர் பாட வேண்டிய பகுதி மட்டுமே இருக்கும். அடுத்தவர் என்ன பாடுகிறார் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

சரக்கு இங்கிலாந்துக்கு இத்தாலியிலிருந்து வந்தது. 1588இல் பாடகர் நிக்கோலஸ் யங் இத்தாலிய மாட்ரிகல்களுக்கு ஆங்கில வரிகளைப் பொருத்தி லண்டனில் வெளியிட்டார். அதன்பின் ஆங்கிலேயர்களே எழுதத் தொடங்கினார்கள். 1597இல் இசையமைப்பாளர் தாமஸ் மோர்லி எழுதிய இசைப் பாடநூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி. விருந்து முடிந்ததும் வீட்டுத் தலைவி இசை ஏட்டை நீட்டுகிறார். விருந்தாளி பாடத் தெரியாதென்று விழிக்கிறார். 'இவர் எங்கே வளர்ந்தார்?' என்று சுற்றியிருந்தவர்கள் கிசுகிசுக்கிறார்கள். மறு ஆண்டே இசை அச்சிடும் தனியுரிமையைப் பெற்றவர் மோர்லி. இசை ஏடுகள் விற்றால் அவருக்குத்தான் லாபம்; ஆகவே இந்தக் காட்சியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும்!

1601 என்று ஆண்டிட்டு மோர்லி தொகுத்த, ஒரியானா என்ற பெண்ணைப் புகழும் மாட்ரிகல் தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட இசைஞர்கள் இருக்கிறார்கள். ஒரியானா என்பது அன்றைய இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிதான் என்பது பொதுவான கருத்து. அத்தனை பேரில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் வீல்க்ஸ். ரோமானியர்களின் வெஸ்டா தேவி மலையிறங்கும் அவருடைய பாடலுக்கு ஆறு குரல்கள். 'இறங்கி' என்றால் ஸ்வரங்கள் இறங்குகின்றன, 'ஏறி' என்றால் ஏறுகின்றன. டயானா என்ற இன்னொரு தேவியின் தோழியர் 'இருவர் இருவராக' ஓடிவரும்போது இரண்டு குரல்கள், 'மூவர் மூவராக' எனும்போது மூன்று, 'சேர்ந்து' என்றதும் எல்லாக் குரல்களும். டயானாவைத் தனியே விட்டுவிட்டார்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு குரல். சின்னப்பிள்ளைத்தனம் என்பார்கள் சிலர். பாடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்: மற்றவர்கள் சட்டென்று வாய்மூட, தன் குரல் மட்டும் அந்தரத்தில் நிற்பதை அந்த ஒருவர் உணர்வாரே, அந்த வேடிக்கை அவருக்காகவே எழுதப்பட்டது.

இவ்வளவு நுணுக்கமான வீல்க்ஸ் சிச்செஸ்டர் தேவாலயத்தில் குடிபோதையில் ஆர்கன் வாசித்ததற்காகவும் வசைமொழிக்காகவும் 1617இல் பதவியிழந்தார். சஃபோக்கில் ஒரு பிரபுவின் வீட்டில் இருந்த இன்னொரு மாட்ரிகல் இசைஞர் ஜான் வில்பியோ வேறு சுபாவம். 1598இலும் 1609இலும் இரண்டே தொகுதிகள், ஒரு வரிகூட வீண் இல்லை.

வீல்க்ஸின் பாடலைக் கேட்கப்போகிறவர்கள் முடிவில் கீழ்க்குரலைக் கவனியுங்கள். ஒரியானா 'நீடு வாழ்க' என்று மேலே குரல்கள் துள்ளும்போது, அது அதே வாழ்த்தை மிக நீண்ட ஸ்வரங்களில் இழுத்துப் பிடித்திருக்கும்.