சாமி கையில சாவி இருக்கலாமா?

[காட்சி: தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. மாடிப்படி ஓரம் பஜனை மன்றத்தின் போர்டு. உள்ளே ஆரத்தித் தட்டு, பக்கத்துத் தூணில் க்யூஆர் ஸ்டிக்கர்.]

இந்த ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணுங்க. தொகையை அடிச்சு பணத்தை அனுப்புறதுக்கு முன்னாடி போன்ல ஒரு பேர் வரும். டிரஸ்ட் பேர் வந்தா சரி. குருவோட மகன் பேர் வந்தா, நீங்க போடுற நூறு ரூபாய் மன்றத்துக்குப் போகலை, ஒரு வீட்டுக்குப் போகுது. அந்த வீடு நல்ல வீடாவே இருக்கலாம். ஆனா கணக்கு கேக்குற உரிமை அந்த இடத்துலயே போயிடுது.

"சாமியாருக்கு எதுக்குக் காசு?"ன்னு கேக்குறது சுலபம். பட்டினத்தார் சமாதி இங்கதான், திருவொற்றியூர் கடலோரத்துல இருக்கு. வள்ளலார் குடியிருந்தது ஏழுகிணறு, ஒரு காலத்துல காசு அடிச்ச தங்கசாலைக்குப் பக்கம். துறவுக்கு வடசென்னையை விட நல்ல சாட்சி வேணுமா? ஆனா அதே வள்ளலார் 1867-ல வடலூர்ல தருமச்சாலை தொடங்கினப்போ பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தாங்க. அடுப்பு எரியணும்னா அரிசி வேணும், அரிசிக்கு நிலமோ பணமோ வேணும். இயக்கம்னு ஒண்ணு இருந்தா பணம் வரத்தான் செய்யும். அதை யார் பிடிச்சு வைக்கிறாங்கங்கறதுதான் விஷயம்.

[காட்சி: திருமலையின் பழைய படம்.]

ஒரே துறவி கையில எல்லாம் இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்குத் திருப்பதி ஒரு பாடம். 1843-ல கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்தோட தலைவரான மகந்துகிட்ட ஒப்படைச்சுது. 1933 வரைக்கும், 90 வருஷம், அடுத்தடுத்து வந்த மகந்துகள்தான் நிர்வாகம் பண்ணாங்க. நிர்வாகத்தைப் பத்தின வழக்கு அப்போ கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. கடைசியில மெட்ராஸ் சட்டசபையில தனிச் சட்டம் போட்டு தேவஸ்தானக் கமிட்டி அமைச்சாங்க.

சமீப காலத்துக்கு வந்தா இஸ்கான், அதாவது ஹரே கிருஷ்ணா இயக்கம். அதோட நிறுவனர் பிரபுபாதா, தான் இருக்கும்போதே 1970-ல ஆட்சிக் குழு ஒண்ணை அமைச்சார். 1972-ல புத்தகப் பணத்துக்குத் தனி டிரஸ்ட். பாதி அடுத்த புத்தகம் அச்சடிக்க, பாதி கோயில் கட்டன்னு விதி வெச்சார். 1977-ல அவர் மறைஞ்சதும் 11 குருமார் ஆளுக்கொரு மண்டலம்னு பிரிச்சுக்கிட்டாங்க. தீட்சை கொடுக்கறதும் அவங்கதான், அந்த மண்டலத்துக்கு அதிகாரமும் அவங்கதான். சுமார் 10 வருஷம்தான் ஓடுச்சு. சிலர் விலகினாங்க, சிலரை நீக்கினாங்க, அந்த ஏற்பாட்டையே கலைச்சாங்க. உபதேசம் பண்றவரும் கையெழுத்துப் போடுறவரும் ஒரே ஆளா இருந்தா, கணக்கு கேட்டதே குரு நிந்தனைன்னு ஆயிடும். சீடன் வாயைத் திறக்கவே மாட்டான்.

அப்போ காவி கட்டினவங்க பணத்தைத் தொடவே கூடாதா? ராமகிருஷ்ண மடத்தைப் பாருங்க. 1901-ல விவேகானந்தர் எழுதி வெச்ச டிரஸ்ட் பத்திரப்படி அறங்காவலர் எல்லாருமே சந்நியாசிகள், பொருளாளரும் சந்நியாசிதான். ஆனா எந்தச் சாமியும் தனியா முடிவெடுக்க முடியாது, மடத்துக்கும், சேவைப் பணி பண்ற ராமகிருஷ்ண மிஷனுக்கும் கணக்கு தனித்தனி, தணிக்கை உண்டு. நம்ம சைவ ஆதீனங்கள்லயும் கோயில் கட்டளையை (பூஜை, திருவிழாவுக்குன்னு எழுதி வெச்ச அறக்கொடையை) பார்த்துக்க கட்டளைத் தம்பிரான்னு தனியா ஒருத்தரை வைக்கிற வழக்கம் இருக்கு. ஆக, வேட்டி நிறம் பிரச்சினை இல்லை. ஒத்தை ஆள்தான் பிரச்சினை.

[காட்சி: இரண்டு பித்தளைச் செம்பு. ஒன்றில் 'மன்றம்', இன்னொன்றில் 'பாதகாணிக்கை'.]

இனி சிக்கலான இடம்: பாதகாணிக்கை, அதாவது குருவோட காலடியில வைக்கிற காணிக்கை. 1954-ல சிரூர் மடம் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இது. மடாதிபதிக்கு அவர் பேருக்கே கொடுக்கிற காணிக்கையை அவர் இஷ்டப்படி செலவு பண்ணலாம். ஒண்ணும் ஏற்பாடு பண்ணாம மறைஞ்சுட்டா அது மடத்துச் சொத்தாகி அடுத்த பட்டத்துக்குப் போகும். பரம்பரை மடத்துக்குச் சொன்னது அது. பத்து வருஷம் முன்னாடி மாடியில ஆரம்பிச்ச மன்றத்துல 'அடுத்த பட்டம்' ஏது? அதனால முதல்லயே ரெண்டு பாத்திரம் வெச்சு, மேல பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க. காலடியில வைக்கிறது எதுல சேரும்னு ஒரு வரி தீர்மானம் போட்டு வெச்சுக்குங்க. ஒரே தட்டுல எல்லாத்தையும் வாங்கிட்டு அப்புறம் பிரிக்கலாம்னு நினைச்சா, பிரிக்கிற அன்னிக்குச் சண்டைதான்.

உண்டியல் எண்ணுறதுல ரொம்பப் பேர் சறுக்குறாங்க. ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ரெண்டு வேற வேற குடும்பம். குருகிட்ட சாவி வேண்டாம். எண்ண மூணு பேர், அதுல ஒருத்தர் மாசாமாசம் மாறணும். எண்ணுறவர் எழுதக் கூடாது, எழுதுறவர் எண்ணக் கூடாது. 500 எத்தனை, 200 எத்தனைன்னு நோட்டு வாரியா எழுதி மூணு பேரும் கையெழுத்து. மறுநாள் பேங்க் திறந்ததும் முழுத் தொகையும் கட்டணும். "பூக்காரம்மாவுக்கு 600 கொடுத்துட்டு மீதியைக் கட்டுறேன்"னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது. கணக்குல வரவு எப்பவுமே குறைச்சலாத்தான் தெரியும், பூவுக்குப் பில்லும் இருக்காது. சில்லறைச் செலவுக்குத் தனியா 5,000 ரூபாய் பொருளாளர்கிட்ட இருக்கட்டும். தீர்ந்ததும் பில்லைக் கொடுத்துட்டு அதே அளவு செக்ல வாங்கிக்கட்டும்.

ரசீது புக்குக்கும் ஒரு பதிவேடு வேணும்: எந்த நம்பர்லேர்ந்து எந்த நம்பர் வரைக்கும், யார்கிட்ட போச்சு, எப்போ திரும்பி வந்தது. ஆடி மாசக் கூழுக்கு வசூல் பண்ணப் போன புக் புரட்டாசி வரைக்கும் திரும்பலைன்னா போய்க் கேளுங்க.

பேங்க் கணக்கு டிரஸ்ட் பேர்ல, டிரஸ்ட்டோட பான் நம்பர்ல இருக்கணும். டிரஸ்ட்னா பத்திரம் எழுதி சார்பதிவாளர்கிட்ட பதியணும். சங்கம்னா 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைஞ்சது 7 பேர், மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவு. மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து, அந்த ரெண்டும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. பழைய ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டினதும் ஒரு ரூபாய் அனுப்பி, வர்ற பேரைச் சரிபாருங்க.

[காட்சி: அரிசி சிப்பங்கள், பக்கத்தில் கடை பில்.]

அன்னதானக் கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் வேண்டாம், சமையல்காரர் போதும். சாம்பார் சாதத்துக்கு ஆளுக்கு 100லேர்ந்து 120 கிராம் அரிசி. 500 பேருக்கு 50, 60 கிலோ. சிப்பம் இப்போ 26 கிலோவா வருது (25-ன்னா ஜிஎஸ்டி, அது தனிக் கூத்து). ரெண்டு சிப்பமோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ ஆகும், மூணு தாராளம். பில்லுல ஆறு இருந்தா மீதி மூணு எங்கன்னு கேக்கலாம். திருட்டுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க, அடுத்த வாரத்துக்கு வாங்கி வெச்சிருக்கலாம். அதுக்குத்தான் இருப்புப் பதிவேடு.

பெரிய நஷ்டம் நிலத்துலதான் வரும். ஆசிரமத்துக்குன்னு வசூல் பண்ணி, பத்திரம் மட்டும் சாமி பேர்ல போடுவாங்க. அவர் காலமானதும் வாரிசுகள் வந்து நிப்பாங்க. "அவர் சந்நியாசி, குடும்பமே கிடையாது"ன்னா, முறைப்படி சடங்கு செஞ்சு துறவு வாங்கினதை நிரூபிக்கணும். காவி கட்டினது மட்டும் போதாதுன்னு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கு. இல்லறத்துல இருக்கிற குருன்னா அந்த வாதமும் கிடையாது. பத்திரம் டிரஸ்ட் பேர்ல இருந்தா இந்த வழக்கே எழாது.

வரி விஷயம் சுருக்கமா. ஒருத்தர்கிட்ட ஒரே நாள்ல 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. முழுக்க ஆன்மிக மன்றம்னா பொதுவா 80ஜி ரசீது (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில சலுகை வாங்கித் தர்ற ரசீது) கொடுக்க முடியாது. "வரிச்சலுகை உண்டு"ன்னு நோட்டீஸ்ல போட்டுட்டு அப்புறம் முழிக்காதீங்க. நிறுவனருக்கோ அவர் சொந்தக்காரருக்கோ டிரஸ்ட் பணத்துல ஆதாயம் போச்சுன்னா அந்தப் பணத்துக்கு வரிவிலக்கு போயிடலாம். குருவோட மருமகன் வீட்டை மன்றத்துக்கு மார்க்கெட் வாடகையை விடக் கூடுதலா எடுக்குறது இதுலதான் வரும்.

இதையெல்லாம் செஞ்சுட்டு குருவைச் சும்மா உட்கார வெச்சாலும் தப்புதான். அப்போ பொருளாளர் குரு ஆயிடுவார். கும்பாபிஷேகம் எப்போங்கறதைக்கூட எஃப்டி முதிர்வு தேதி பார்த்து அவரே சொல்ல ஆரம்பிப்பார். பணம் எதுக்குங்கறதை குரு சொல்லட்டும்: அன்னதானமா, பாடசாலையா, திருப்பணியா. வருஷத் திட்டம் அவர் ஒப்புதலோட போகட்டும், கொள்கைக்கு விரோதமான செலவை அவர் தடுக்கட்டும். கையெழுத்து மட்டும் வேண்டாம். பொருளாளருக்கும் தொடர்ந்து மூணு வருஷத்துக்கு மேல வேண்டாம். குருவோட மருந்து, துணி, பயணத்துக்கு மாசம் இவ்வளவுன்னு திட்டத்துலயே எழுதி பேங்க்ல போட்டுடுங்க. கூச்சப்பட்டு எழுதாம விட்டா அது தட்டுலேர்ந்துதான் போகும்.

"சாமி கோவிச்சுக்குவார்"னு சொல்லித்தான் எல்லா மன்றத்துலயும் இதைத் தள்ளிப் போடுறாங்க. உண்டியல்ல மாசம் நாலாயிரம் விழும்போதே பேசிடுங்க. நாலு லட்சம் விழுற காலத்துல கேட்டா, பதில் சொல்ல சாமிக்குப் பக்கத்துல ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார்.