பார்த்துக்கொள்பவரின் மூளை

அவையோருக்கு வணக்கம். மறதிநோய் வந்தவரை டாக்டரிடம் அழைத்துப்போனால் கேள்வியெல்லாம் நோயாளியைப் பற்றித்தான். கூட வந்து நிற்கும் மகளிடம், "நீங்கள் தூங்கினீர்களா?" என்று கேட்பவர் குறைவு. இன்று அந்த மகளுக்கு வரக்கூடிய மனச்சோர்வைப் பற்றியும், அதை மூளை ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியுமா என்பதைப் பற்றியும் பேசுவோம்.

மனச்சோர்வு ஆய்வுகளில் 'மூளை இணைப்பு' என்றதும் உள்ளே ஏதோ நரம்பு அறுந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் ஒருவரைச் சில நிமிடம் சும்மா படுக்க வைத்து, இரத்த ஆக்சிஜனை ஒட்டி மாறும் சமிக்ஞையைச் சுமார் 2 நொடிக்கு ஒருமுறை பதிகிறார்கள். இரு பகுதிகளில் அது சேர்ந்தே ஏறி இறங்கினால் இணைப்பு உண்டு என்கிறோம், அவ்வளவுதான். வேலையின்றி இருக்கும்போது மும்முரமாகும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. தன்னைப் பற்றிய யோசனை, பழைய நினைவு எல்லாம் அதைச் சேர்ந்தவை. "அன்றைக்கு அம்மாவை அதட்டாமல் இருந்திருக்கலாமே" என்று மனம் அதையே அரைத்துக்கொண்டிருப்பதை இந்த வலைப்பின்னலோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

ஆனால் ஆய்வு முடிவுகள் குழுவின் சராசரி. மனச்சோர்வில் இந்த இணைப்பு கூடுகிறது என்றும் வந்திருக்கிறது, குறைகிறது என்றும் வந்திருக்கிறது. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே கணக்கு கெடும். இரவெல்லாம் விழித்தவரோ ஸ்கேனருக்குள் தூங்கியே போவார். தூக்கமும் இணைப்பை மாற்றும். ஆகவே, மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

அதற்கு பி.எச்.க்யூ-9 வினாத்தாள் போதும். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். நோயாளி இரவில் எழுந்து நடப்பதால் தூக்கம், களைப்பு பற்றிய கேள்விகளில் மதிப்பெண் தானாகவே ஏறிவிடும். அதனால் முதல் இரண்டையும், அதாவது எதிலும் நாட்டமின்மை, மனவாட்டம் ஆகியவற்றைத் தனியே பாருங்கள். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது நிரப்பச் சொன்னால் உண்மையான பதில் வராது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது; அதில் 1 விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், அன்றே அவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

உதவி என்ன? பிரிட்டனில் 260 பராமரிப்பாளர்களிடம் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வில், நோயாளியின் நடத்தையைச் சமாளிக்கும் வழிகள், தளர்வுப் பயிற்சி, வருங்காலத் திட்டம் ஆகியவற்றை 8 அமர்வுகளில் தனித்தனியே கற்றுத்தந்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. 2 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பலன் நின்றது. நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். அமர்வு நடக்கும் நேரத்தில் நோயாளியை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மகளால் வரவே முடியாது.