மஞ்சள் கோடுகளைப் பிடித்து நடக்கலாம்: பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் பிள்ளைகளோடு ஒரு நடை

[காட்சி: ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பின்சுவர். மூலைக்கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு.]

வணக்கம். இந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். மூலைக்கல்லில் ஒரு மஞ்சள் கோடு தெரிகிறதா? 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். பிரான்சில் இருந்த இத்தனை வருடத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை. என் மகள்தான் ஆறு வயதில் காட்டினாள். "அப்பா, இங்கே ஒரு கோடு. அந்தக் கம்பத்திலும் ஒன்று இருக்கு." கம்பத்துக்குப் போனோம். அங்கிருந்து ஒரு வால்நட் மரத்தில் அடுத்தது தெரிந்தது. அப்படியே ஒரு ஓடை, ஒரு மாட்டுப் பண்ணை, சோள வயல் எல்லாம் தாண்டி, இரண்டு மணி நேரம் கழித்து அதே தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுக்க அவள் ஒரு தடவைகூட "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கவில்லை.

பிள்ளைகளோடு நடக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: கோடு தேடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 6 கிலோமீட்டர் ஒரு தூரம். பிள்ளைக்கு அது ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகிற விளையாட்டு.

[காட்சி: மூன்று வகைக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில்.]

சரி, இந்தக் கோடுகளை எப்படிப் படிப்பது?

மஞ்சள் மட்டும் இருந்தால் அது "பே-எர்". கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற, பெரும்பாலும் அரை நாளில் முடிகிற பாதை. குடும்பத்துக்கு வேண்டியது இதுதான். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் "ஜே-எர்", பல நாட்கள் நடக்கிற நெடும்பாதை. அதன் முதல் பகுதி 1947-இல் லுவார் ஆற்றோரம் ஓர்லியானிலிருந்து போஜான்சி வரை திறக்கப்பட்டது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால், ஒரு வட்டாரத்தைச் சுற்றி வருகிற நீண்ட பாதை.

இன்னும் இரண்டு குறிகளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அது உங்கள் வழி இல்லை, திரும்ப வேண்டும். கோட்டோடு வளைந்த அம்பு இருந்தால் அங்கே திருப்பம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது போதும். அரை மணி நேரத்தில் உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: கால் மணி நேரம் எந்தக் கோடும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்பிப் போவோம். முன்னால் ஒன்று வரும் என்று நம்பி நடப்பதில்லை.

அல்சாஸ் பக்கம், வோஜ் மலைகளுக்குப் போனால் வேறு உலகம். அங்கே 1872-இல் தொடங்கிய ஒரு மலைநடைச் சங்கம் தனக்கென்று குறிகள் வைத்திருக்கிறது. செவ்வகம், வட்டம், முக்கோணம், சிலுவை, வளையம், ஒவ்வொன்றும் பல நிறத்தில். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கும்.

[காட்சி: மணலும் பெரும் பாறைகளுமான காடு. ஒரு பாறையில் மங்கிய நீலக் கோடு.]

இப்படிக் கோடு போட்டு ஆட்களை நடக்க வைக்கும் யோசனை பாரிஸ் பக்கத்திலேயே பிறந்தது. ஃபோந்தேன்ப்ளோ காடு. நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்து காயம்பட்ட குளோத்-பிரான்சுவா தனெக்கூர் என்பவர், அந்த ஊரில் வேலை போன பிறகு காட்டிலேயே நாட்களைக் கழித்தார். அழகான பாறைகளையும் பழைய மரங்களையும் இணைத்து, 1842-இல் தன் முதல் பாதையில் நீலக் குறிகள் போட்டார். சொந்தப் பணத்தைச் செலவழித்து, சாகும்வரை, சுமார் 150 கிலோமீட்டர் பாதை. 1849-இல் ரயில் வந்ததும் பாரிஸ்காரர்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். வழிகாட்டி இல்லாமல், தொலைந்து போகும் பயம் இல்லாமல், சாதாரண மனிதன் காட்டுக்குள் நடக்கலாம் என்பதை அந்த நீலக் கோடுகள்தான் காட்டின. அவை இன்றும் இருக்கின்றன.

பாரிஸில் இருப்பவர்கள் முதல் நடையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கார் வேண்டாம். பாரிஸின் "கார் து லியோன்" ரயில் நிலையத்தில் ஆர் லைன் ரயில் ஏறினால் 40 நிமிடத்தில் ஃபோந்தேன்ப்ளோ-அவோன். எல்லா வலயத்துக்குமான மாத நவிகோ பயண அட்டையே செல்லும். பல கோடி வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் மணல்தான் இந்தப் பாறைகளாக இறுகியிருக்கிறது. காட்டு நடுவில் கடற்கரை மணல் எப்படி வந்தது என்று பிள்ளை கேட்டால் சொல்ல பதில் இருக்கட்டும். பாறை ஏறுபவர்களுக்காகப் போட்ட எண்களும் நிறங்களும்கூட இங்கே உண்டு. அதில் வெள்ளை நிறம் பெரும்பாலும் பிள்ளைகளுக்கான சின்னப் பாறைகள். எங்கள் பிள்ளைகள் நடந்ததைவிட அவற்றில் ஏறி இறங்கியதுதான் அதிகம். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

[காட்சி: மேசையில் விரித்த வரைபடம். பக்கத்தில் புளிச்சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல்கள்.]

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். சிறு கையேடுகளில் பாதைக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை என்றால் 2 மணி நேரத்துக்குள் முடியும், மிக எளிது. நீலம் 3 மணி நேரத்துக்குள், குடும்பமாகப் போகலாம், அங்கங்கே கொஞ்சம் கரடுமுரடு இருக்கலாம். சிவப்பும் கறுப்பும் நடந்து பழகியவர்களுக்கு. இந்த நிறத்தையும் பாதையில் பூசிய கோட்டின் நிறத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலில் எல்லாரும் குழம்புவது இங்கேதான்.

கையேட்டில் உள்ள நேரம் பெரியவர்களின் நடைக்குப் போட்டது. நான் அதை ஒன்றரையால் பெருக்குவேன். கூட நான்கு வயதுக்காரர் வந்தால் இரண்டால். தூரத்தைவிட ஏற்றத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 5 கிலோமீட்டர் சமதளம் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு. அதே 5 கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற்றம் இருந்தால் உங்கள் தோளில்தான் வந்து முடியும். 25,000-இல் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். பழுப்புக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம்.

அப்புறம் சாப்பாடு. கிராமத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறும் கையோடு போகாதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்று, நான்கு மணிவரை திறக்காது. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பல ஊர்களில் ஒன்றுமே இருக்காது. நாங்கள் புளிச்சோறும் அவித்த கடலையும் கொண்டு போவோம். வெயிலில் புளிச்சோறு சீக்கிரம் கெடாது. தண்ணீருக்கு ஊர்ப்பொதுக் குழாயோ நீரூற்றோ இருக்கும். "ஓ பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். நடுவில் "நோன்" என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் குடிக்கக் கூடாது. இதையும் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.

[காட்சி: இளஞ்சிவப்புப் பாறைகள், பின்னால் கடல்.]

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால், மூன்று இடங்கள்.

பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரித்தானி வட்டாரத்தின் கடலோரப் பாதை, ஜே-எர் 34. 1791-இல் கள்ளக்கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போக உருவான ஒற்றையடிப் பாதை இது. முழுதாக 2,000 கிலோமீட்டர். நமக்குப் பெரோஸ்-கிரெக் கடற்கரையிலிருந்து ப்ளூமனாக் வரை சுமார் 5 கிலோமீட்டர் போதும். பாறைகள் எல்லாம் இளஞ்சிவப்பு. கலங்கரை விளக்கமும் அதே கல். இது ஆமை, அது தொப்பி என்று பிள்ளைகள் பெயர் வைத்துக்கொண்டே வருவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அலை ஏற்ற இறக்க அட்டவணை. இந்த வடகரையில் சேன்-மாலோ பக்கமெல்லாம் கடல் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் நடந்து போன மணல்திட்டு மதியம் தீவாகிவிடும்.

ஓவெர்ன் எரிமலைகள் அடுத்தது. சுமார் 80 எரிமலைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 1,209 மீட்டர் உயரமுள்ள பாரியூ எரிமலையில் மரப்படி ஏறி, வாய்விளிம்பில் நின்று பார்த்தால் உள்ளே முழுக்கப் பச்சைப்புல். இதுவா நெருப்புக் கக்கியது என்று பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது செவென் மலைநாடு. காரணம், கழுதை.

[காட்சி: கழுதையின் கழுத்தைத் தடவும் சிறுவன்.]

1878-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் லு மோனாஸ்தியே என்ற ஊரில் மொதெஸ்தீன் என்னும் கழுதையை வாங்கி, அதில் மூட்டையை ஏற்றி, 12 நாட்களில் சேன்-ஜான்-து-கார் வரை நடந்தார். அந்த வழிதான் இன்று ஜே-எர் 70. கழுதை வாடகைக்குக் கொடுப்பவர்கள் அங்கே நிறைய. காலையில் உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, சேணம் கட்டுவது எல்லாம் கற்றுத் தருவார்கள். சுமார் 40 கிலோ சுமக்கும். பையெல்லாம் அதன் முதுகில் போய்விடும். முக்கியமான விஷயம் என்ன என்றால், இரண்டு கிலோமீட்டரில் "கால் வலிக்குது" என்று உட்காரும் பிள்ளை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு 10 கிலோமீட்டர் நடக்கும். கழுதையின் வேகமும் பிள்ளையின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வழியில் அதைக் கண்ட இடத்தில் மேயவிட்டால் மட்டும் அன்று ஊர் போய்ச் சேர மாட்டீர்கள்.

[காட்சி: ஆட்டு மந்தை, நடுவே பெரிய வெள்ளை நாய்.]

இந்தக் காட்சியில் கொஞ்சம் கவனம் வேண்டும். மலை மேய்ச்சல் நிலங்களில் மந்தையோடு வளர்ந்த பெரிய வெள்ளைக் காவல்நாய் இருக்கும். "பத்தூ" என்பார்கள். குரைத்துக்கொண்டு ஓடி வரும். ஓடாதீர்கள், கம்பை ஓங்காதீர்கள், தடவவும் வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் யார் என்று பார்த்துவிட்டு அது திரும்பும். பிறகு மந்தையை நன்றாகச் சுற்றி நடந்து போங்கள்.

உண்ணியை லேசாக எண்ண வேண்டாம். லைம் நோய் அதன் கடியால்தான் வருகிறது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் சொருகிவிடுங்கள். இரவில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி என்று தடவிப் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி கிடைக்கும். அதால் மெதுவாகச் சுழற்றி எடுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். அடுத்த ஒரு மாதத்தில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி கடைசிவரை வேட்டைக் காலம். பளிச்சென்ற மேலுடை போடுங்கள். "ஷாஸ் ஆன் கூர்" (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். கோடையில் தெற்கே, புரொவான்ஸ் பக்கம், காட்டுத்தீ அபாயத்தால் சில காடுகளை அன்றன்று மூடுவார்கள். முதல்நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

[காட்சி: மரத்தடியில் ஒரு சின்னப் பெயின்ட் டப்பா, தூரிகை.]

இந்தக் கோடுகளைப் போடுவது யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். போன வசந்தத்தில் ஒரு ஓக் மரத்தடியில் ஓய்வுபெற்ற கணவன் மனைவி இருவரைச் சந்தித்தோம். அவர் கம்பித் தூரிகையால் பட்டையைச் சுத்தம் செய்தார், அந்த அம்மா அச்சுத் தகட்டைப் பிடித்தார். மகள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ போடுகிறாயா?" என்று தூரிகையைக் கொடுத்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். கொஞ்சம் வழிந்தது, அவர் துணியால் ஒற்றி எடுத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போதும் அவள் கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் இருந்தது. கழுவ விடவில்லை.